கையெழுத்துப் போடுமுன் ‘அன்லெஸ்’ எங்கே என்று பாருங்கள்!

மும்பைக்கு வரும் நம்மவர்கள் ஆறு மாதத்தில் இந்தி பேசப் பழகிவிடுகிறார்கள். இரண்டு வருடத்தில் மராத்தியும் ஓரளவு வந்துவிடுகிறது. கடைத்தெருவிலும் லோக்கல் வண்டியிலும் வாய்ச் சாமர்த்தியம் போதும். ஆனால் காகிதம் என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. வாடகை ஒப்பந்தம், பாங்கு ஜாமீன் பத்திரம், கம்பெனி சர்க்குலர், சொசைட்டி நோட்டீஸ், இன்ஷூரன்ஸ் பாரம் என்று பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் வருகின்றன. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, “இங்கே ஒரு ஸைன் பண்ணுங்கள்” என்கிறார்கள். நாமும் பண்ணிவிடுகிறோம்.

ஆங்கிலம் தெரியாததால் இப்படி நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பத்தாவது வரை படித்த யாருக்கும் அந்தக் காகிதத்தில் உள்ள சொற்களில் முக்கால்வாசி தெரியும். தெரியாத சொல்லுக்கு அகராதி இருக்கிறது. இப்போது அந்த அகராதி செல்போனிலேயே இருக்கிறது. சிக்கல், சொற்களைக் கோத்திருக்கும் விதத்தில்தான். ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம், அதற்குள் மற்றொன்று என்று ஆங்கிலம் அடுக்கிக்கொண்டே போகிறது. அடுக்கின் வழி பிடிபட்டால், எத்தனை நீளமான வாக்கியமும் அடங்கிவிடும்.

வாடகை ஒப்பந்தங்களில் பார்க்கக்கூடிய ஒரு வகை வாக்கியம் இதோ:

“தி டெபாசிட் ஷல் நாட் பி ரிஃபண்டட் அன்லெஸ் தி லைசென்ஸீ கிவ்ஸ் ஒன் மன்த்ஸ் நோட்டீஸ் பிஃபோர் ஹி வேகேட்ஸ் தி ரூம்.”

லைசென்ஸீ என்பவர் குடியிருக்கிறவர், அதாவது நாம். இதை அவசரத்தில் படிப்பவர் ‘டெபாசிட் திரும்பக் கிடைக்காது’ என்பதோடு நின்று பயந்துவிடுவார். இன்னொருவர் ‘நோட்டீஸ்’ என்ற சொல்லைப் பார்த்து, வீட்டுக்காரர் நமக்கு நோட்டீஸ் கொடுப்பார் என்று நினைத்துக்கொள்வார். இருவரும் சொற்களைத்தான் படித்தார்கள், வாக்கியத்தைப் படிக்கவில்லை. அது சொல்வது: அறையைக் காலி செய்வதற்கு முன் நாம் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால்தான் முன்பணம் திரும்பும். கொடுக்காவிட்டால் திரும்பாது. ஊருக்குப் போகும் அவசரத்தில் சொல்லாமல் காலி செய்தால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

முதன்மையும் துணையும்

மேலே சொன்ன வாக்கியத்தைப் பிரித்தால் மூன்று சிறு வாக்கியங்கள் கிடைக்கும். டெபாசிட் திரும்பத் தரப்படாது – ஒன்று. குடியிருப்பவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கிறார் – இரண்டு. அவர் அறையைக் காலி செய்கிறார் – மூன்று. ஒவ்வொன்றிலும் ஓர் எழுவாய் இருக்கிறது. ஒரு வினையும் இருக்கிறது. முதலாவது தன் காலில் தானே நிற்கிறது. அது முதன்மை வாக்கியம். மற்ற இரண்டின் தலையிலும் ‘அன்லெஸ்’, ‘பிஃபோர்’ என்ற சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை துணை வாக்கியங்கள். இவை சேர்ந்த முழு வாக்கியத்தை நம் பள்ளி இலக்கணம் கலவை வாக்கியம் என்று சொல்லும்.

துணை வாக்கியம் தனியே நிற்காது. “பிகாஸ் தி டிரெயின் வாஸ் லேட்” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் நம் முகத்தைப் பார்ப்பார். “வண்டி தாமதமாக வந்ததால்...” என்று தமிழில் நிறுத்தினாலும் அதே கதைதான். எனவே விஷயம் நமக்குப் புதிதல்ல. நம் தாய்மொழியில் நாளும் செய்வதுதான். வேறுபாடு ஒன்றே ஒன்று: இரண்டு வாக்கியங்களை இணைக்கும் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது.

ரயில் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழில் கொக்கி துணை வாக்கியத்தின் வால் பக்கம் இருக்கிறது. வந்த‘தால்’, வந்த‘போது’, வந்தா‘லும்’, வரும் ‘வரை’, வருவேன் ‘என்று’. ஆங்கிலத்தில் கொக்கி தலைப் பக்கம். ‘பிகாஸ்’, ‘வென்’, ‘ஆல்தோ’, ‘அன்டில்’, ‘தட்’ எல்லாம் துணை வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்து நிற்கும். தமிழ் படித்துப் பழகிய கண் கொக்கியைக் கடைசியில் தேடும். ஆங்கிலமோ முதலிலேயே அதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தமிழில் துணையாக வரும் வினை பெரும்பாலும் தன் முழு உருவத்தை இழந்து எச்சமாகிவிடும். பெயரெச்சம், வினையெச்சம் என்ற பெயர்கள் தொல்காப்பியக் காலத்திலிருந்து நம்மிடம் உள்ளவை. எச்சம் என்றால் முடியாமல் மிச்சமிருப்பது. ஆகவே ‘வந்ததால்’ என்று கேட்டவுடனே, இன்னும் வாக்கியம் முடியவில்லை என்று தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. “தி டிரெயின் வாஸ் லேட்” என்பது துணையாக வந்தாலும் அப்படியேதான் இருக்கும். முதன்மையாக வந்தாலும் அப்படியேதான் இருக்கும். தலையில் உள்ள கொக்கிச் சொல் ஒன்றுதான் அடையாளம். அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால், நிபந்தனையைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிடுவோம்.

முன்னாலும் வரும், பின்னாலும் வரும்

ஆங்கிலத் துணை வாக்கியம் முதன்மைக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். மும்பையில் இருப்பவர்களுக்கு மறக்க முடியாத நாள் 2005 ஜூலை 26. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதை வைத்தே பார்ப்போம்.

“வென் தி ஹெவி ரெயின் கேம், தி லோக்கல் டிரெயின்ஸ் ஸ்டாப்டு.”

“தி லோக்கல் டிரெயின்ஸ் ஸ்டாப்டு வென் தி ஹெவி ரெயின் கேம்.”

இரண்டுக்கும் பொருள் ஒன்றே: பெருமழை வந்தபோது லோக்கல் வண்டிகள் நின்றன. துணை வாக்கியம் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் ஒரு கமா போடுவது வழக்கம். பின்னால் வந்தால் பெரும்பாலும் கமா தேவையில்லை. எனவே ‘இஃப்’ என்றோ ‘வென்’ என்றோ ஒரு வாக்கியம் தொடங்கினால், முதலில் அந்தக் கமாவைத் தேடுங்கள். முதன்மை வாக்கியம் அதற்குப் பிறகுதான் வரும்.

கொக்கிச் சொல்லுக்கும் வெறும் முன்னிடைச் சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘பிகாஸ்’ என்றால் பின்னால் எழுவாயும் வினையும் வர வேண்டும்: “பிகாஸ் இட் ரெயின்ட்.” ‘பிகாஸ் ஆஃப்’ என்றால் பெயர்ச்சொல் போதும்: “பிகாஸ் ஆஃப் தி ரெயின்.” முன்னது மழை பெய்ததால், பின்னது மழையால். ‘ஆல்தோ’வுக்குப் பின்னால் முழு வாக்கியம் வரும், ‘இன்ஸ்பைட் ஆஃப்’ என்பதற்குப் பின்னால் பெயர் வரும். ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலிக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது இரண்டாவது வகை. தகுந்த காரணம் ‘இல்லாமல்’ இழுத்தால் தண்டனை என்பதை ‘வித்அவுட்’ என்ற சொல்லும் ஒரு பெயருமாக முடித்துவிடுகிறார்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி அந்தத் தண்டனை ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு கொக்கி போதும்

லீவு லெட்டரில் நம்மவர்கள் அடிக்கடி எழுதும் வாக்கியம்: “ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். ஸோ கைண்ட்லி கிராண்ட் மி லீவ்.” ‘ஆஸ்’ என்று தொடங்கியதைப் புள்ளி வைத்து நிறுத்தியாயிற்று. அது ‘எனக்குக் காய்ச்சல் ஆகையால்’ என்று அந்தரத்தில் தொங்குகிறது. அடுத்து ‘ஸோ’ என்று இன்னொரு இணைப்பு. சரியானது இதுதான்: “ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், கைண்ட்லி கிராண்ட் மி லீவ் ஃபார் டூ டேஸ்.” புள்ளி இருந்த இடத்தில் கமா. ‘ஸோ’ வேண்டாம்.

இதே தவறு இன்னொரு உருவத்திலும் வரும். “ஆல்தோ ஹி இஸ் ஓல்ட், பட் ஹி ஒர்க்ஸ் ஹார்ட்.” வயதானவராக இருந்தாலும் ஆனால் கடினமாக உழைக்கிறார் என்பது போல. இதற்கு இந்தியும் ஒரு காரணம். இந்தியில் ‘அகர்’ என்று தொடங்கினால் ‘தோ’ என்று முடிப்பதும், ‘ஹாலாங்கி’ என்று தொடங்கினால் ‘லேகின்’ என்று தொடர்வதும் இயல்பு. அங்கே சொற்கள் ஜோடியாக வருகின்றன. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போனால் இரண்டு கொக்கி விழுந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ இருந்தால் ‘பட்’ கூடாது. ‘பட்’ வேண்டுமென்றால் ‘ஆல்தோ’வை எடுத்துவிட வேண்டும். இரண்டு வாக்கியத்தை இணைக்க ஒரு கொக்கி போதும்.

‘தட்’ – நம்முடைய ‘என்று’

பிறர் சொன்னதை எழுதும்போது ‘தட்’ வருகிறது. தமிழில் ‘என்று’, இந்தியில் ‘கி’. இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. ஏனெனில் இதில் ஒருவருடைய வேலையே போகலாம்.

தமிழில் “நான் நாளைக்கு வருவேன் என்று அவர் சொன்னார்” என்கிறோம். ‘நான்’ என்பது இங்கே பேசியவரைக் குறிக்கிறது. இந்தியிலும் “உஸ்னே கஹா கி மைன் கல் ஆவூங்கா” என்று அவர் வாய்ச்சொல்லை அப்படியே வைத்துவிடலாம். ஆங்கிலம் அதை ஒப்புக்கொள்ளாது. ‘தட்’ போட்டுவிட்டால் எல்லாவற்றையும் எழுதுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். ‘நான்’ என்பது ‘ஹி’ ஆகும். ‘வருவேன்’ என்பதன் ‘வில்’, முன்னால் ‘செட்’ என்ற இறந்தகாலம் இருப்பதால் ‘வுட்’ ஆகும். “ஹி செட் தட் ஹி வுட் கம் தி நெக்ஸ்ட் டே.” நாளை என்பதும் ‘அடுத்த நாள்’ ஆகிவிடுகிறது.

இதில் என்ன ஆபத்து? ஓர் இலாகா விசாரணை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோர் சாவியைக் காணோம். சக ஊழியர் ஒருவர் நம்மிடம், “நான்தான் சாவியை எடுத்தேன்” என்று சொல்லியிருக்கிறார். நம்மிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கிறார்கள். தமிழை மனத்தில் வைத்துக்கொண்டு, “ஹி டோல்ட் மி தட் ஐ டுக் தி கீ” என்று எழுதிக் கொடுத்தால் என்ன பொருள்? ‘சாவியை எடுத்தது நான், அதாவது இந்தக் கடிதத்தை எழுதுகிறவன், என்று அவர் சொன்னார்’ என்று பொருள். நம் கையாலேயே நம் மேல் குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்தாயிற்று. எழுத வேண்டியது: “ஹி டோல்ட் மி தட் ஹி ஹேட் டேக்கன் தி கீ.” ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்து யாரைக் குறிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால், ‘தட்’டை விட்டுவிட்டு, அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதிவிடுவது பத்திரம்.

கேள்வியும் இப்படித் துணை வாக்கியமாக வரும். “அவர் எங்கே குடியிருக்கிறார்?” என்பது “வேர் டஸ் ஹி லிவ்?” ஆனால் “அவர் எங்கே குடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது” என்பது “ஐ டோண்ட் நோ வேர் ஹி லிவ்ஸ்.” கேள்வி துணையாகிவிட்டால் கேள்விக்குரிய ‘டஸ்’ போய்விடும், எழுவாயும் வினையும் தம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ‘வருவாரா மாட்டாரா’ என்பது போல் ஆம்-இல்லைக் கேள்வியானால் ‘வெதர்’ என்ற சொல்லைத் தலையில் வைக்க வேண்டும்: “ஆஸ்க் ஹிம் வெதர் ஹி வில் கம்.”

எப்போது ‘வில்’, எப்போது கூடாது?

“இஃப் இட் வில் ரெயின்” என்று எழுதக் கூடாது, “இஃப் இட் ரெயின்ஸ்” என்றுதான் எழுத வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். ஏன் என்று சொன்னதில்லை. மழை இனிமேல்தானே பெய்யப் போகிறது, எதிர்காலம் ஏன் கூடாது என்று தோன்றும். ஆனால் தமிழைப் பாருங்கள். ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். ‘பெய்தால்’ என்பதில் உள்ளது இறந்தகாலத்து இடைநிலை. நாளைக்குப் பெய்யப் போகும் மழைக்கு நாமே எதிர்கால உருவத்தைப் போடவில்லை. ஏனென்றால் எதிர்காலம் என்பது முதன்மை வாக்கியத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. ஆங்கிலமும் அப்படியே: “இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, தி டிரெயின்ஸ் வில் ரன் லேட்.” ‘வில்’ முதன்மையில் ஒரு தடவை வந்தால் போதும்.

‘வென்’ விஷயத்தில்தான் பலருக்குக் குழப்பம். ஏனெனில் சில இடத்தில் அதற்குப் பின்னால் ‘வில்’ வருகிறது. சில இடத்தில் வரக் கூடாது. இதற்குத் தமிழே தீர்ப்புச் சொல்லிவிடும். தமிழில் ‘எப்போது’ என்று கேள்வியாக வருகிறதா, அல்லது ‘போது’, ‘வந்ததும்’ என்று காலமாக வருகிறதா என்று பாருங்கள்.

“வண்டி எப்போது வரும் என்று சொல்லுங்கள்” – “டெல் மி வென் தி டிரெயின் வில் கம்.” இது கேள்வி. ‘வில்’ வரலாம்.

“வண்டி வந்ததும் போன் செய்கிறேன்” – “ஐ வில் கால் யூ வென் தி டிரெயின் கம்ஸ்.” இது காலம். ‘வென்’னுக்குப் பின் ‘வில்’ கூடாது.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வென்’ ஒன்றே. தமிழில் இரண்டுக்கும் தனித்தனி உருவம் இருக்கிறது. இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு.

ஒரு கமா செய்யும் வேலை

‘ஹூ’, ‘விச்’ என்ற சொற்கள் கேள்விக்கு மட்டும் வருவன அல்ல. நம்முடைய பெயரெச்சத்தின் வேலையை அங்கே இவை செய்கின்றன. “நேற்று மாட்டுங்காவில் என்னைப் பார்த்த மனிதர்” என்பதில் விவரம் எல்லாம் முன்னால் வந்து, ‘மனிதர்’ கடைசியில் வருகிறார். ஆங்கிலத்தில் மனிதர் முதலில் வந்துவிடுகிறார்: “தி மேன் ஹூ சா மி அட் மாட்டுங்கா யெஸ்டர்டே.” கண்ணாடியில் பார்ப்பது போல முன்பின்னாக இருக்கிறது. திராவிட மொழிகளை ஒப்பிட்டு 1856இல் நூல் வெளியிட்ட கால்டுவெல்லும், ஆங்கிலத்தில் ‘ஹூ’ செய்யும் வேலையை இம்மொழிகளில் எச்ச வினை செய்கிறது என்பதை எடுத்துக்காட்டினார்.

சில சமயம் இந்தக் கொக்கி கண்ணுக்கே தெரியாது. “தி பாரம் யூ ஃபில்ட் இஸ் மிஸ்ஸிங்” என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். நீங்கள் பூர்த்தி செய்த பாரம் காணவில்லை. ‘தி பாரம்’ என்பதற்குப் பின் ‘விச்’ மறைந்திருக்கிறது. இரண்டு பெயர்கள் காரணமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நடுவில் ஒரு ‘விச்’ அல்லது ‘தட்’ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அந்தக் கமா. நோட்டீஸ் போர்டில் இப்படி ஒரு சர்க்குலர் வருகிறது:

“தி ஒர்க்கர்ஸ் ஹூ டிட் நாட் சப்மிட் தி பாரம் வில் நாட் கெட் தி அட்வான்ஸ்.”

பாரம் கொடுக்காத தொழிலாளர்களுக்கு மட்டும் அட்வான்ஸ் கிடையாது, கொடுத்தவர்களுக்கு உண்டு. இதையே ‘ஒர்க்கர்ஸ்’ என்பதற்குப் பின் ஒரு கமாவும், ‘பாரம்’ என்பதற்குப் பின் ஒரு கமாவும் போட்டு எழுதினால் பொருள் மாறிவிடும். தொழிலாளர்கள் யாருமே பாரம் கொடுக்கவில்லை, ஆகவே ஒருவருக்கும் அட்வான்ஸ் கிடையாது என்றாகிவிடும். கமா இல்லாவிட்டால் அந்தத் துணை வாக்கியம் ஆட்களைப் பொறுக்கி எடுக்கிறது. கமா இருந்தால் எல்லோரைப் பற்றியும் ஒரு கூடுதல் செய்தி சொல்கிறது. தட்டச்சு செய்தவர் தவறிப் போட்ட கமாவாகவும் இருக்கலாம். அதனால்தான் சங்கத்தின் காரியதரிசி சர்க்குலரைக் கையில் வாங்கியதும் கமாவைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

‘அன்லெஸ்’ காக்கும் உயிர்

எல்லாவற்றிலும் நம்மவர்களை அதிகம் தடுமாற வைப்பது ‘அன்லெஸ்’. இதற்கு ‘இல்லாவிட்டால்’ என்று பொருள். ‘இல்லை’ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதனால் “அன்லெஸ் யூ டோண்ட் பே” என்று எழுதினால், ‘கட்டாமல் இருந்தால் ஒழிய’ என்று தலைகீழாகிவிடும். “அன்லெஸ் யூ பே” என்றாலே ‘நீங்கள் கட்டாவிட்டால்’ என்று பொருள்.

முதன்மை வாக்கியத்தில் ‘நோ’ அல்லது ‘நாட்’ இருந்து, பின்னால் ‘அன்லெஸ்’ வந்தால், தமிழில் ‘...ஆல்தான்’ என்று மாற்றிப் பாருங்கள். சட்டென்று தெளிவாகிவிடும். ரயில்வேயின் 1976ஆம் ஆண்டுப் பொது விதிகளில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. முழுப் பிளாக் முறையில் வண்டிகள் ஓடும் பாதையில், அடுத்த பிளாக் ஸ்டேஷனிலிருந்து ‘லைன் கிளியர்’ பெறப்பட்டால் ஒழிய எந்த வண்டியையும் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட அனுமதிக்கக் கூடாது என்பது விதி. முதன்மை வாக்கியம் ‘எந்த வண்டியும் புறப்படாது’ என்கிறது. ‘அன்லெஸ்’ என்று தொடங்கும் துணை வாக்கியம்தான் வண்டிக்கு வழி விடுகிறது. லைன் கிளியர் வந்தால்தான் வண்டி. ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் மோதாமல் இருப்பது இந்தச் சிறு சொல்லைச் சம்பந்தப்பட்டவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருப்பதால்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அனுகூலமான ஓர் ‘அன்லெஸ்’ஸும் சட்டத்தில் இருக்கிறது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அப்படிப் பதிவான ஒப்பந்தம் இல்லாவிட்டால், என்ன நிபந்தனையில் வீடு கொடுக்கப்பட்டது என்று குடியிருப்பவர் சொல்வதே செல்லும், ‘அன்லெஸ் ப்ரூவ்டு அதர்வைஸ்’ என்கிறது அந்தச் சட்டம். வேறு விதமாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய என்று அர்த்தம். இங்கே ‘அன்லெஸ்’ஸுக்குப் பின் ‘இட் இஸ்’ என்ற இரு சொற்கள் மறைந்துள்ளன. சட்டத்தில் இப்படிச் சுருக்கி எழுதுவது சகஜம்.

ஒரு ‘அன்டில்’லின் வரலாறு

துணை வாக்கியம் என்பது பள்ளிக்கூடப் பாடம்தானே என்று நினைப்பவர்கள், நம் ஆட்சிமொழிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், மத்திய அரசு அலுவல்களில் ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்றது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26. அதற்கு முன் 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம், அதன் பிறகும் ஆங்கிலம் தொடர்ந்து பயன்பட‘லாம்’ என்று ‘மே’ என்ற சொல்லைப் போட்டது. ‘மே’யை ‘ஷல்’ ஆக்க வேண்டும் என்று தி.மு.க. வலியுறுத்தியது. அண்ணா ராஜ்யசபை உறுப்பினராக இருந்த காலம் அது. ‘லாம்’ என்பது ‘வேண்டும்’ ஆகாது என்பதே வாதம். 1965இல் சென்னை மாநிலத்தில் நடந்த மாணவர் கிளர்ச்சியும், போன உயிர்களும் நாடறிந்தவை.

1967இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது சேர்த்தது ஓர் ‘அன்டில்’. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றி, அவற்றைக் கவனித்த பின் பார்லிமெண்டின் இரு சபைகளும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்றும் ‘வரை’ அந்த ஏற்பாடு அமலில் இருக்கும் என்று எழுதினார்கள்.

இதில் துணை வாக்கியத்துக்குள் துணை வாக்கியம் இருப்பதைக் கவனியுங்கள். ‘அன்டில்’ என்பது காலக்கெடு. அதற்குள்ளே ‘இந்தியை ஏற்காத’ என்பது ஒரு ‘விச்’ வாக்கியம். எந்தெந்த மாநிலங்கள் என்று பொறுக்கி எடுக்கிறது. ‘எல்லா’ என்பதால் அவற்றில் ஒரு மாநிலம் இசையாவிட்டாலும் கெடு முடியாது. முதன்மை வாக்கியம் ‘அமலில் இருக்கும்’ என்பது மட்டுமே. பாதுகாப்பு முழுவதும் துணை வாக்கியத்தில் இருக்கிறது. இன்று மத்திய அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் குறிப்பு எழுதும் தமிழ்க் குமாஸ்தாவின் நாற்காலிக்கு ஒரு கால் அந்த ‘அன்டில்’தான்.

படிக்கும் முறை

நீளமான ஆங்கில வாக்கியம் எதிரே வந்தால் நான்கு காரியம் செய்யுங்கள்.

முதலில், கொக்கிச் சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்: இஃப், அன்லெஸ், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், வென், பிகாஸ், ஆல்தோ, தட், ஹூ, விச். சட்டக் காகிதமானால் ‘ப்ரொவைடெட் தட்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ‘ஆனால் இந்த நிபந்தனைக்கு உட்பட்டு’ என்று பொருள். முன்னால் கொடுத்ததைப் பின்னால் குறைக்கும் சொல் அது.

இரண்டாவதாக, வட்டமிடாத பகுதியில் உள்ள வினையைக் கண்டுபிடியுங்கள். அதுதான் முதன்மை வாக்கியம். யார் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லும். மூன்றாவதாக, ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அதன் எழுவாயையும் வினையையும் பிடியுங்கள். நோட்டீஸ் கொடுப்பது நாமா, அவரா என்பது அப்போது தெரிந்துவிடும். நான்காவதாக, கடைசித் துணை வாக்கியத்திலிருந்து பின்னோக்கித் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அறையைக் காலி செய்யுமுன், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால்தான், டெபாசிட் திரும்பும்.’ ஆங்கிலத்தில் கடைசியில் இருந்தது தமிழில் முதலில் வந்துவிட்டது. இரண்டு மொழியும் எதிரெதிர்த் திசையில் போவதால் இந்த வழி பெரும்பாலும் பொருந்தும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வரி பிடிபடவில்லை என்றால், கையெழுத்தை ஒரு நாள் தள்ளிப் போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. காகிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் அந்த ஒரு வரியைக் காட்டிக் கேளுங்கள். ‘இதில் அன்லெஸ் என்று இருக்கிறதே, எதற்கு?’ என்று சரியான இடத்தில் விரலை வைத்துக் கேட்பவரை எந்த ஏஜெண்டும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.